குல்மார்க்: பனி விற்கும் ஊர்

டிசம்பர் 21 வந்தால் காஷ்மீரில் 'சில்லை கலான்' ஆரம்பம். நம்ம ஊர் அக்னி நட்சத்திரத்துக்கு நேர் எதிரான சமாச்சாரம் இது. இங்கே வெயில் உச்சத்துக்குப் போகும் நாட்களுக்குப் பெயர் வைத்திருக்கிறோம் இல்லையா, அங்கே குளிர் உச்சத்துக்குப் போகும் நாற்பது நாட்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஜனவரி 30 வாக்கில் அது முடியும். அப்புறம் 'சில்லை குர்த்' என்று 20 நாள். அதற்கும் அப்புறம் 'சில்லை பச்சா' என்று 10 நாள். பெரிய குளிர், சின்னக் குளிர், குட்டிக் குளிர்! மொத்தம் 70 நாள்.

இந்த 70 நாளை ஸ்ரீநகர்க்காரர்கள் சமாளிக்கும் விதமே தனி. தண்ணீர்க் குழாய் உறைந்து போகும். தால் ஏரியின் ஓரங்களில் கண்ணாடி மாதிரி பனிக்கட்டி படியும். முழங்காலுக்குக் கீழே வரும் 'பிரன்' என்ற தொளதொள கம்பளி அங்கிக்குள்ளே, 'காங்ரி'யைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். காங்ரி என்பது பிரம்பு மாதிரியான குச்சிகளால் பின்னிய கூடைக்குள் ஒரு மண் சட்டி, அதில் கனன்று கொண்டிருக்கும் கரி. சட்டைக்குள் நெருப்பை வைத்துக்கொண்டு தைரியமாகக் கடைத்தெருவுக்குப் போகிறவர்கள் உலகத்தில் வேறு எங்கே இருக்கிறார்கள்? விடிவதற்கு முன்பே ஹரீஸா கடைகளில் கூட்டம் சேர்ந்துவிடும். ஆட்டுக்கறியையும் அரிசியையும் ராத்திரி முழுக்க வேகவைத்துக் கடைந்து எடுக்கும் பதார்த்தம் அது. வீடுகளில் கோடையிலேயே காயவைத்த கத்தரிக்காய், சுரைக்காய், தக்காளி எல்லாம் தயாராக இருக்கும். நாம் வத்தல் போடுவது ருசிக்கு. அவர்கள் காயவைத்தது, பனி விழுந்து ஜம்மு நெடுஞ்சாலை மூடிவிட்டால் காய்கறி லாரி வராது என்பதால்.

ஆக, பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்குக் குளிர்காலம் ஒரு செலவுக் காலம். விறகு, கரி, கம்பளி, மருந்து எல்லாமே செலவு. அங்கிருந்து சுமார் 50 கி.மீ. தள்ளி, மலைமேல் இருக்கும் ஓர் ஊருக்கு மட்டும் அதே குளிர்காலம் வரவுக் காலம். அந்த ஊர்தான் குல்மார்க்.

குல்மார்க்கின் உயரம் சுமார் 2,650 மீட்டர். நீலகிரியில் இருக்கும் தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர். கிட்டத்தட்ட ஒரே உயரம்தான்! ஆனால் தொட்டபெட்டாவில் மார்கழி மாதம் புல் மேல் உறைபனி வெள்ளையாகப் படியும், வெயில் வந்ததும் போய்விடும். குல்மார்க்கிலோ ஆள் உயரத்துக்கும் மேலே பனி குவியும். காரணம் இரண்டு. ஒன்று, பூமத்திய ரேகையிலிருந்து இருக்கும் தூரம். தொட்டபெட்டா 11 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது, குல்மார்க் 34 டிகிரியில். இன்னொன்று, மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகி ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாகக் கிழக்கே வரும் ஈரக்காற்று. வானிலைக்காரர்கள் இதற்கு 'மேற்கத்திய இடையூறு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். (பெயரைக் கேட்டால் ஏதோ தொந்தரவு மாதிரி இருக்கிறது. வட இந்தியாவின் கோதுமையும் காஷ்மீரின் தண்ணீரும் இந்த இடையூறை நம்பித்தான் இருக்கின்றன.) நமக்கு வடகிழக்குப் பருவமழை எப்படியோ அவர்களுக்கு இது அப்படி. பீர் பஞ்சால் மலைத்தொடர் இந்தக் காற்றை மறித்து நிற்கிறது. குல்மார்க் அந்த மலைத்தொடரின் மடியில் ஒரு கிண்ணம் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. கிண்ணம் நிறைகிறது, அவ்வளவுதான்.

ஊரின் பழைய பெயர் கௌரிமார்க் என்பார்கள். 16-ஆம் நூற்றாண்டில் இங்கே பூத்துக் கிடந்த பூக்களைப் பார்த்துவிட்டு சுல்தான் யூசுப் ஷா சக் குல்மார்க் என்று மாற்றினாராம். பூ மைதானம் என்று அர்த்தம். பின்னாளில் வெள்ளைக்காரர்கள் சமவெளி வெயிலுக்குப் பயந்து இங்கே வந்தார்கள், கோல்ப் மைதானம் போட்டார்கள், தேவாலயம் கட்டினார்கள். 1927-ல் இரண்டு ராணுவ அதிகாரிகள் சேர்ந்து பனிச்சறுக்கு கிளப் ஒன்றையும் ஆரம்பித்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு 1948-ல் நம் ராணுவம் இங்கே ஒரு பனிச்சறுக்குப் பள்ளியைத் தொடங்கியது. இன்று அது உயர்மலைப் போர்ப் பயிற்சிப் பள்ளியாக வளர்ந்திருக்கிறது. 1973-ல் 'பாபி' இந்திப் படம் வந்தது. அதில் வந்த ஒரு குடிசையை இன்றைக்கும் 'பாபி குடிசை' என்று காட்டிக் காசு பார்க்கிறார்கள்.

சினிமா என்றதும் ஒரு சுவாரசியமான விஷயம். ஸ்ரீதரின் 'தேன் நிலவு' 1961-லேயே காஷ்மீருக்குப் போய் எடுக்கப்பட்டது. 1992-ல் 'ரோஜா' வந்தபோது நிலைமை தலைகீழ். கதை காஷ்மீரில் நடக்கிறது, ஆனால் அங்கே போய்ப் படம் எடுக்க முடியாத காலம். மணாலி பக்கம் போய் எடுத்து வந்தார்கள். 2023-ல் 'லியோ' வந்தது. கதை நடப்பது இமாச்சலத்தில், படம் பிடித்ததோ காஷ்மீரில்! முப்பது வருஷத்தில் மலைகள் வேஷத்தை மாற்றிக்கொண்டன. காஷ்மீர்ச் சுற்றுலாவின் ஏற்ற இறக்கத்தைப் புரிந்துகொள்ள இந்த மூன்று படங்களே போதும்.

அந்த இறக்கத்தை நிஜமாகவே அனுபவித்தது குல்மார்க்கின் ரோப் கார். அங்கே அதை 'கொண்டோலா' என்கிறார்கள். பிரான்ஸ் நாட்டு போமா நிறுவனத்தோடு 1980களின் கடைசியில் ஒப்பந்தம் போட்டு வேலையை ஆரம்பித்தார்கள். 1990-ல் தீவிரவாதம் வெடித்ததும் வேலை நின்று போனது. முதல் கட்டம், குல்மார்க்கிலிருந்து கோங்தூரி வரை, 1998-ல்தான் ஓடத் தொடங்கியது. இரண்டாம் கட்டம், கோங்தூரியிலிருந்து அபர்வத் மலை வரை, 2005-ல். இடைப்பட்ட காலத்தில் பனி மட்டும் வருஷம் தவறாமல் விழுந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்க வர வேண்டிய கூட்டம் மணாலிக்குப் போய்விட்டது. இன்றைய மணாலியின் வளர்ச்சியில் காஷ்மீரின் அந்த இருண்ட வருஷங்களுக்கு ஒரு பெரிய பங்கு உண்டு.

கொண்டோலாவில் ஒரு பெட்டிக்கு ஆறு பேர். ஊசியிலைக் காட்டுக்கு மேலே மிதந்தபடி போய் கோங்தூரியில் இறக்கிவிடும். அங்கிருந்து அடுத்தது பிடித்தால் மரங்கள் எல்லாம் கீழே நின்றுவிடும். ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தில் கதவு திறக்கும். இறங்கியவுடன் பலருக்கு முதலில் தெரிவது அழகு இல்லை, மூச்சு வாங்குவது! நாலு அடி வேகமாக வைத்தால் இதயம் காதுக்குள் அடிக்கும். சமவெளியிலிருந்து காலையில் விமானத்தில் வந்து மத்தியானம் அபர்வத்தில் நிற்பவர்கள் தலைவலியோடு இறங்குவது சகஜம். முதல் நாள் ஸ்ரீநகரிலும் இரண்டாம் நாள் குல்மார்க்கிலும் தங்கிவிட்டு ஏறினால் உடம்பு கொஞ்சம் பழகியிருக்கும்.

பனிச்சறுக்கு என்று பார்த்தால் குல்மார்க்குக்கு இரண்டு முகம் இருக்கிறது. கீழே கோல்ப் மைதானம் பனியில் மூடிய பிறகு அதன் மெல்லிய சரிவுகளில் கற்றுக்குட்டிகள் விழுந்து எழுந்துகொண்டிருப்பார்கள். இங்கே அரசின் இந்தியப் பனிச்சறுக்கு மற்றும் மலையேற்ற நிறுவனம் இருக்கிறது. அதன் பயிற்சி வகுப்புகள் மாணவர்களுக்குக் கட்டுப்படியாகும் ரகம். காலேஜ் பசங்களுக்குத் தெரிய வேண்டிய முதல் தகவல் இதுதான். மேலே அபர்வத்தில் இருக்கும் முகம் வேறு. மாவு மாதிரி உலர்ந்த, லேசான பனி. அதைத் தேடி ஐரோப்பாவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் ஆட்கள் வந்து வாரக் கணக்கில் டேரா போடுகிறார்கள்.

ஆனால் குல்மார்க்குக்கு வரும் இந்தியர்களில் பெரும்பாலோர் சறுக்குவதே இல்லை. காலையில் ஸ்ரீநகரிலிருந்து டாக்சியில் வருவார்கள், சாயங்காலம் திரும்பிவிடுவார்கள். அவர்களுக்கான தொழில் மலையடிவாரத்தில் தங்மார்க்கிலேயே ஆரம்பித்துவிடும். கடைகளில் வரிசையாக கம்பூட், கோட்டு, கையுறை எல்லாம் வாடகைக்குத் தொங்கும். நிறைய பனி விழுந்த நாளில் வெளியூர் டாக்சியை அதற்கு மேல் விடமாட்டார்கள். சக்கரத்தில் சங்கிலி கட்டிய உள்ளூர் வண்டிக்கு மாற வேண்டும். மீதி 13 கி.மீ. மலைப்பாதை அவர்கள் பாடு.

மேலே போய் இறங்கினால் சூழ்ந்துகொள்வது ஸ்லெட்ஜ்காரர்கள். ஸ்லெட்ஜ் என்றால் பெரிய விஷயம் இல்லை, தரையோடு தரையாக ஒரு மரப்பலகை. அடியில் முன்பக்கம் வளைந்த இரண்டு கட்டைகள். ஒரு கயிறு. அதில் சுற்றுலாப் பயணியை உட்காரவைத்து, கயிற்றைத் தோளில் போட்டு, மேட்டில் ஏற்றிக்கொண்டு போவார் அந்த மனிதர். உச்சிக்குப் போனதும் பலகையில் முன்னால் அவர் உட்கார்ந்துகொள்வார். இரண்டு கால்களையும் பனியில் ஊன்றி, அதையே ஸ்டீயரிங்காகவும் பிரேக்காகவும் வைத்து, சர்ரென்று கீழே கொண்டுவந்து விடுவார். இரண்டு நிமிஷச் சந்தோஷம்! அதற்கு அவர் இழுத்தது முக்கால்வாசி ஏற்றம்.

இணையத்தில் குல்மார்க் பற்றி எழுதும் பத்துப் பேரில் எட்டுப் பேர் இவர்களைத் திட்டியிருப்பார்கள். 'நச்சரிக்கிறார்கள்', 'நடக்கவே விடமாட்டேன் என்கிறார்கள்', 'இரண்டாயிரத்தில் ஆரம்பித்து நானூறுக்கு வந்தார்கள்' என்கிற ரீதியில். பொய்யில்லை. பத்து பேர் சூழ்ந்து நின்று கூவினால் யாருக்கும் எரிச்சல் வரத்தான் செய்யும். சின்னக் குழந்தையோடு வந்தவர்கள் பயந்தே போய்விடுவார்கள். ஆனால் காமர்ஸ் படிக்கிறவர்கள் ஒரு நிமிஷம் இதைக் கணக்காகப் பார்க்கலாம். ஓட்டல் அறையோ விமான சீட்டோ இன்று விற்காமல் போனால் அதை நாளைக்குச் சேர்த்து விற்க முடியாது, இன்றைய வருமானம் போனது போனதுதான் என்று சேவைத் துறைப் பாடத்தில் வரும். ஸ்லெட்ஜ்காரரின் நிலைமை அதையும்விட மோசம். அவருடைய சீசனே இரண்டு, இரண்டரை மாதம். அதில் புயல் அடித்த நாள், சாலை மூடிய நாள், கூட்டம் வராத நாள் எல்லாம் கழியும். ஒரு நாளில் வெளிச்சம் இருக்கும் நேரத்துக்குள் ஒரு மனிதத் தோள் இழுக்கக்கூடிய சவாரிகள் இத்தனைதான் என்று ஒரு வரம்பும் உண்டு. சாயங்காலம் நாலு மணிக்கு டாக்சிகள் இறங்க ஆரம்பித்துவிட்டால் கடை சாத்தியாயிற்று. அதனால்தான் மூன்று மணிக்கு அவர் குரல் உயர்கிறது, விலை இறங்குகிறது.

சம்பளம், போனஸ், பி.எப். எதுவும் அவருக்குக் கிடையாது. கொண்டோலாவை நடத்துவது அரசுக்குச் சொந்தமான கேபிள் கார் கழகம். 2023-24 நிதியாண்டில் அதன் வருமானம் 100 கோடி ரூபாயைத் தாண்டியது. நல்ல விஷயம்தான். நஷ்டத்தில் ஓடும் அரசு நிறுவனங்களைப் பற்றியே கேட்டுப் பழகிய காதுக்கு இது இனிக்கவே செய்யும். அந்தக் கழகத்துக்கும் ஓட்டல்காரருக்கும் கம்பூட் கடைக்கும் ஸ்லெட்ஜ்காரருக்கும் பொதுவான மூலப்பொருள் ஒன்றே ஒன்று, வானத்திலிருந்து இலவசமாக விழும் பனி. யாரும் அதற்கு விலை கொடுப்பதில்லை, அதனால் யாருடைய செலவுக் கணக்கிலும் அது இல்லை. மூலப்பொருள் வராமல் போனால் என்ன ஆகும் என்பதை 2024 ஜனவரி காட்டியது.

அந்த வருஷம் சில்லை கலான் கிட்டத்தட்ட முழுக்க வறண்டு கிடந்தது. குல்மார்க்கின் கிண்ணத்தில் காய்ந்த பழுப்புப் புல் தெரிந்தது. முந்தைய வருஷ ஜனவரியின் வெள்ளைப் படத்தையும் அந்த வருஷப் பழுப்புப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எல்லாரும் பகிர்ந்தார்கள். ஓட்டல் முன்பதிவுகள் ரத்தாயின. கொண்டோலாவில் ஏறி மலையைப் பார்த்துவிட்டாவது வரலாம். ஓட்டலுக்கு சாப்பாட்டு வியாபாரமாவது நடக்கும். புல்லின் மேல் ஸ்லெட்ஜை இழுக்க முடியுமா? நஷ்டத்தில் எல்லாருக்கும் பங்கு இருந்தது, ஆனால் சம பங்கு இல்லை. மேலே இருப்பவரின் லாபம் குறைந்தபோது கீழே இருப்பவரின் வருமானம் மொத்தமாகப் பூஜ்யம் ஆனது.

ஜனவரி கடைசி வாரத்தில் ஒரு வழியாகப் பனி விழுந்தது. பிப்ரவரியில் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுப் போட்டிகள் அங்கே நடந்தன. கூட்டம் திரும்பி வந்தது. டி.வி.யில் மறுபடியும் வெள்ளைக் காட்சிகள். 'குல்மார்க்குக்கு உயிர் வந்தது' என்று செய்தி போட்டுவிட்டு எல்லாரும் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். அடுத்த வருஷமும் அதே கதை. 2025 பிப்ரவரி 22-ல் தொடங்க வேண்டிய அதே போட்டிகள், போதிய பனி இல்லாததால் தள்ளிவைக்கப்பட்டு மார்ச் 9 முதல் 12 வரை நடந்தன.

போட்டிகள் என்றதும் ஆரிப் முகமது கானைச் சொல்லாமல் விட முடியாது. குல்மார்க் சரிவுகளில் வளர்ந்த பையன். அவருடைய அப்பா அங்கே பனிச்சறுக்குச் சாமான் கடை வைத்திருந்தார். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியா சார்பில் கலந்துகொண்டது மொத்தம் ஒரே ஒரு வீரர், அது ஆரிப். தொடக்க விழாவில் கொடி பிடித்ததும் அவர்தான், அணியும் அவர்தான்! ஜெயன்ட் ஸ்லாலம் பிரிவில் 45-ஆவது இடம். 45-ஆ என்று சிரிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பாதிப் பேர் பாதை தவறி வெளியேறும் ஆட்டம் அது, முடித்துக் காட்டுவதே பெரிய வேலை. ஐரோப்பியப் பையன்களுக்கு வருஷத்தில் பல மாதம் பயிற்சிக்குப் பனி கிடைக்கும். குல்மார்க் பையனுக்கு இரண்டு மூன்று மாதம். அதிலும் ஒரு மாதம் வறண்டு போனால்?

பனி வந்தாலும் நிம்மதி இல்லை என்பது இன்னொரு பக்கம். 2023 பிப்ரவரி 1-ல் அபர்வத் சரிவில் பனிச்சரிவு ஏற்பட்டு போலந்து நாட்டைச் சேர்ந்த இருவர் இறந்தார்கள். 2024 பிப்ரவரி 22-ல், கீழே கேலோ இந்தியா நடந்துகொண்டிருந்தபோதே, மேலே ஒரு ரஷ்யர் இறந்தார். குறித்த பாதையை விட்டு விலகிச் சறுக்குபவர்களுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். ஆனால் அவர்களுக்கு முன்னால் வழி காட்டிக்கொண்டு போகிறவரும், விபத்து நடந்தால் மண்வெட்டியோடு ஓடுகிறவரும் உள்ளூர்க்காரர்களே. 2017 ஜூன் 25-ல் பலத்த காற்றில் ஒரு மரம் வேரோடு சாய்ந்து கொண்டோலாவின் கம்பி மேல் விழுந்தது. ஏழு பேர் இறந்தார்கள். நாலு பேர் டெல்லியிலிருந்து வந்த ஒரே குடும்பம். மீதி மூன்று பேர் வழிகாட்டிகள். 2025 ஏப்ரல் 22-ல் பகல்காம் அருகே பைசரன் புல்வெளியில் தீவிரவாதிகள் 26 பேரைச் சுட்டுக் கொன்றபோதும், இறந்தவர்களில் ஒருவர் உள்ளூர்க் குதிரைக்காரர். அதன் பிறகு காஷ்மீரில் 87 சுற்றுலா இடங்களில் 48-ஐ மூடினார்கள். பல இடங்களைப் பிறகு கட்டம் கட்டமாகத் திறந்தார்கள். பைசரனுக்கும் குல்மார்க்குக்கும் நடுவே எத்தனையோ மலைகள் இருக்கின்றன. டிக்கெட்டை ரத்து செய்பவருக்கு வரைபடத்தில் எல்லாமே 'காஷ்மீர்' மட்டும்தான்.

போக நினைப்பவர்களுக்கு இப்போது வழி சுலபமாகியிருக்கிறது. 2025 ஜூன் 6-ல் கத்ரா-ஸ்ரீநகர் ரயில் தொடங்கியது. செனாப் ஆற்றுக்கு மேலே 359 மீட்டர் உயரத்தில் பாலம், அதில் ரயில்! கன்னியாகுமரியிலிருந்து கிளம்பும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் கத்ரா வரை போகிறது. அங்கே மாறி ஏறினால் தரை வழியாகவே ஸ்ரீநகர் போய்ச் சேர்ந்துவிடலாம். மூன்று நாளுக்கு மேல் ஆகும், சாப்பாட்டு மூட்டை அவசியம். ஜனவரியில் குல்மார்க் போகிறவர்கள் தங்மார்க் பக்கத்திலேயே இருக்கும் திராங் என்ற இடத்தையும் எட்டிப் பார்க்கலாம். குளிர்காலத்தில் அங்கே ஓடும் தண்ணீர் விழுந்தபடியே உறைந்து, பளிங்குத் திரை மாதிரி தொங்கும். கொண்டோலா டிக்கெட்டை இணையத்தில் முன்கூட்டியே எடுத்துவிட்டுக் கிளம்புவது நல்லது. ஸ்லெட்ஜ்காரரிடம் ஏறுவதற்கு முன்பே எவ்வளவு தூரம், எவ்வளவு காசு என்று தெளிவாகப் பேசிக்கொண்டால் இறங்கும்போது சண்டை வராது. ஏற வேண்டாம் என்றால் ஒரே தடவையில் தெளிவாக வேண்டாம் என்று சொல்லிவிடலாம். 'அப்புறம் பார்க்கலாம்' என்று சிரித்துவைத்தால் அவர் அதை நம்பிப் பின்னாலேயே ஒரு மணி நேரம் நடப்பார். அந்த ஒரு மணி நேரத்தில் அவருக்கு வேறு சவாரி கிடைத்திருக்கும்.

இப்போது அந்த 'தாமதமாக வந்த பனி' விஷயத்துக்குத் திரும்பலாம். சுற்றுலாக் கணக்கில் ஜனவரிப் பனியும் மார்ச் பனியும் ஒன்றுதான். வெள்ளையாக இருக்கிறது, சறுக்கலாம், படம் எடுக்கலாம், தீர்ந்தது. விவசாயிக்கு அப்படி இல்லை. சில்லை கலான் காலத்தில் விழும் பனி கடுங்குளிரில் இறுகிக் கெட்டிப்படும். அதன் மேல் அடுத்த பனி, அதன் மேல் இன்னொன்று என்று அடுக்கடுக்காக ஏறி, கோடை வரை மெதுவாகக் கரைந்து தண்ணீர் கொடுக்கும். வட்டி மாதாமாதம் வரும் பிக்சட் டெபாசிட் மாதிரி. மார்ச்சில் விழும் பனிக்கு இறுக நேரமில்லை. நாலு நாள் வெயிலில் கரைந்து ஓடிவிடும். கையில் வந்த அன்றே செலவாகும் காசு அது. 2025 பிப்ரவரியில் அனந்த்நாக் மாவட்டத்தின் அச்சபல் ஊற்று வற்றிப்போனது. முகலாயர்கள் தோட்டம் போட்ட ஊற்று, சுற்றியிருக்கும் கிராமங்களுக்குக் குடிதண்ணீர். மார்ச்சில் குல்மார்க்கில் போட்டிகள் நடந்து மெடல் கொடுத்தாகிவிட்டது என்பதால், அந்த வருஷக் குளிர்காலம் ஈடுகட்டிவிட்டது என்று அர்த்தமில்லை.

அபர்வத்தின் பனி எங்கே போகிறது என்று பார்த்தால் இது இன்னும் விளங்கும். மலையின் மேலே அல்பதர் என்று ஓர் ஏரி. ஜூன் வரைக்கும்கூட அதில் பனிக்கட்டி மிதக்கும். அங்கிருந்தும் அபர்வத் சரிவுகளிலிருந்தும் கரைந்து இறங்கும் தண்ணீர் நிங்லி என்ற ஓடையாகக் காட்டுக்குள் ஓடுகிறது. கீழே சோப்பூர் பக்கம் போய் ஜீலம் நதியில் சேர்கிறது. சோப்பூர் என்றால் ஆப்பிள். காஷ்மீரின் மிகப் பெரிய பழ மண்டி அங்கேதான் இருக்கிறது. கோயம்பேட்டிலும் மதுரை மாட்டுத்தாவணியிலும் 'காஷ்மீர் ஆப்பிள்' என்று வந்து இறங்கும் பெட்டிகளில் அந்தப் பக்கத்துப் பழமும் இருக்கும்.

ஏப்ரல் வந்தால் குல்மார்க்கில் ஸ்லெட்ஜ்களை அடுக்கிக் கட்டிவைத்துவிடுவார்கள். இழுத்தவர்களில் சிலர் கோடைக்குக் குதிரை பிடிப்பார்கள், சிலர் வழிகாட்டியாகப் போவார்கள். இன்னும் சிலர் தங்மார்க் பக்கத்தில் தங்களுக்கு இருக்கும் கொஞ்சம் நிலத்துக்குத் திரும்பிவிடுவார்கள். ஜனவரியில் தோளில் கயிறு போட்டு இழுத்த அதே பனி, அதற்குள் வாய்க்காலில் தண்ணீராக வந்து சேர்ந்திருக்கும், அந்த வருஷம் விழ வேண்டிய நேரத்தில் விழுந்திருந்தால்.